ஒரே பாட்டோடு மறைந்தவர்களின் கதையைத் தேடி எழுதுவது எப்படி

1969 டிசம்பர் 6 தேதியிட்ட, பில்போர்டு என்ற அமெரிக்க இசை வணிக இதழின் ‘ஹாட் 100’ தரவரிசைப் பட்டியலில் ‘நா நா ஹே ஹே கிஸ் ஹிம் குட்பை’ என்ற பாட்டு முதலிடத்தைப் பிடித்தது. பாடியவர்களின் பெயர் ‘ஸ்டீம்’ என்று அச்சாகியிருந்தது. இரண்டு வாரம் முதலிடத்தில் நின்ற அந்தப் பாட்டு ஒலிப்பதிவு செய்யப்பட்டபோது ஸ்டீம் என்றொரு குழு இருக்கவே இல்லை. பிறகு அந்தப் பெயரில் வெளிவந்த எதுவும் முதல் நாற்பது இடங்களுக்குள் வரவும் இல்லை. அறுபதுகளின் பாப் இசையில் இப்படி ஒரே பாட்டால் உச்சிக்குப் போய், அடுத்த பாட்டு வெளிவருவதற்குள் மறக்கப்பட்டவர்களை ‘ஒன் ஹிட் வொண்டர்’ என்கிறார்கள். அந்தச் சொல்லோடு ஒட்டிவரும் ஏளனம் எனக்கு உடன்பாடானதல்ல. சில நிமிடப் பாட்டு ஒன்று அரை நூற்றாண்டு கழித்தும் கேட்டவர் நாவில் நிற்கிறது என்றால், அதைச் செய்தவர்கள் யார், எந்த அறையில் உட்கார்ந்து செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள், அவர்கள் கைக்கு என்ன வந்தது என்றெல்லாம் தேடி எழுதுவது அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன்.

அப்படி ஒரு பாட்டின் கதையைத் தேட நினைப்பவர்களுக்கு நான் கடைப்பிடிக்கும் வழியை இங்கே சொல்கிறேன். அதன் சாரம் வரிசையில் இருக்கிறது: முதலில் இசைத்தட்டு, அடுத்து தாள்கள், கடைசியில்தான் மனிதர்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் பாடகர்களின் பேட்டிகளை முதலில் படித்துவிட்டு, அதில் கேட்ட கதைக்குச் சான்று தேடப் போனேன். அந்தக் கதைக்குப் பொருந்தாத தாள் எதுவும் அதன்பின் என் கண்ணில் படவே இல்லை. ஸ்டீமின் பாட்டையே கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் போவோம்.

உண்மையிலேயே ஒரே பாட்டுதானா

எழுத உட்காருவதற்கு முன் பட்டியல்களைச் சரிபார்க்க வேண்டும். ‘ஒரே பாட்டு’ என்று ஊரெல்லாம் சொல்லும் பலருக்கு இரண்டாவது பாட்டும் இருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களிலிருந்து வந்த இளைஞர்கள், தங்கள் தலைவரின் பெயரை வெறும் கேள்விக்குறியாகவே எழுதி, ‘கொஸ்டின் மார்க் அண்ட் தி மிஸ்டீரியன்ஸ்’ என்ற பெயரில் பாடிய ‘96 டியர்ஸ்’ 1966 அக்டோபர் 29 பட்டியலில் முதலிடம் பெற்றது. ஒற்றைப் பாட்டுக்காரர்களின் தொகுப்பு எதை எடுத்தாலும் இவர்கள் இருப்பார்கள். ஆனால் அடுத்து வந்த ‘ஐ நீட் சம்படி’ 22ஆம் இடம் வரை போயிருக்கிறது.

எந்த நாட்டுப் பட்டியல் என்பதும் முக்கியம். ஜப்பானியப் பாடகர் க்யூ சகாமோட்டோவின் பாட்டு ‘சுகியாகி’ என்ற பெயரில் 1963 ஜூனில் அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. அடுத்த பாட்டு 58ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. ஆகவே அமெரிக்கக் கணக்கில் அவர் ஒற்றைப் பாட்டுக்காரர். சொந்த நாட்டிலோ அவர் முன்வரிசை நட்சத்திரம். இதைச் சொல்லாமல் எழுதப்படும் கட்டுரை அந்த மனிதரையே சிறுமைப்படுத்திவிடும். மிகக் கறாரான பொருளில் ஒற்றைப் பாட்டுக்காரர்கள் என்று நான் தயக்கமின்றிச் சொல்லக்கூடியவர்கள் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரைச் சேர்ந்த ‘ஜேகர் அண்ட் எவன்ஸ்’ இரட்டையர். 1969 ஜூலை 12 பட்டியலில் தொடங்கி ஆறு வாரம் அமெரிக்காவிலும், அதே கோடையின் முடிவில் மூன்று வாரம் பிரிட்டனிலும் ‘இன் தி இயர் 2525’ முதலிடத்தில் இருந்தது. மனிதன் நிலவில் கால் வைத்த வாரத்திலும் அமெரிக்க வானொலியின் முதல் பாட்டு அதுதான். அடுத்த பாட்டு பட்டியலுக்குள்ளேயே நுழையவில்லை.

பிரிட்டிஷ் பட்டியல்களைப் பார்க்கும்போது ஒரு கூடுதல் கவனம் தேவை. 1969 பிப்ரவரிக்கு முன் அங்கே அனைவரும் ஒப்புக்கொண்ட ஒரே பட்டியல் கிடையாது. நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ், மெலடி மேக்கர், டிஸ்க், ரெக்கார்டு ரீடெய்லர் என ஒவ்வொரு இதழும் தனித்தனியாகக் கடைகளைக் கேட்டுத் தன் பட்டியலைத் தயாரித்தது. ஒரே பாட்டு ஓர் இதழில் முதலிடத்திலும் இன்னொன்றில் இரண்டாமிடத்திலும் இருக்கும். எனவே ‘பிரிட்டனில் முதலிடம்’ என்று மட்டும் எழுதாமல், எந்த இதழின் பட்டியலில் என்று சேர்த்து எழுதுங்கள். அமெரிக்காவிலும் பில்போர்டோடு கேஷ் பாக்ஸ், ரெக்கார்டு வேர்ல்டு ஆகிய வணிக இதழ்களின் பட்டியல்களை ஒப்பிட்டால், ஒரு பாட்டு விற்பனையால் ஏறியதா வானொலியால் ஏறியதா என்பதற்குச் சில வேளைகளில் துப்புக் கிடைக்கும்.

நீங்கள் கேட்பது அதே பதிவுதானா

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் தவறவிட்டால் பின்னால் எழுதும் எல்லாமே பிசகும். அறுபதுகளின் மூல டேப்புகள் பெரும்பாலும் நிறுவனங்களுக்கே சொந்தமாக இருந்ததால், பிழைப்புக்காகப் பாடகர்கள் பிற்காலத்தில் அதே பாட்டை மீண்டும் பாடிப் பதிவு செய்தார்கள். மலிவுத் தொகுப்புகளில் பெரும்பாலும் இருப்பவை அந்த மறுபதிவுகள்தாம். மிஸ்டீரியன்ஸின் மூலப் பதிவை வெளியிட்ட கேமியோ நிறுவனத்தின் டேப்புகள் கைமாறிப் போய், 2005 வரை முறையான குறுந்தகடாக வெளிவரவில்லை. இடையில் குழுவினரே 1997இல் தங்கள் பாட்டுகளைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். ஆகவே 1966இன் ஆர்கன் வாத்திய ஒலியைப் பற்றி எழுதுகிறவர் தன் காதில் விழுவது எந்த ஆண்டின் ஆர்கன் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அறுபதுகளின், நிமிடத்துக்கு நாற்பத்தைந்து முறை சுழலும் தட்டுகளில் பெரும்பாலானவை மோனோ ஒலிக்கலவை என்பதையும், பின்னால் வந்த ஸ்டீரியோக் கலவையில் பாட்டின் நீளமே மாறியிருக்கலாம் என்பதையும் நினைவில் வைத்து, லேபிளில் அச்சான நிமிடக் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

தட்டை வாசிப்பது

ஏழு அங்குலத் தட்டு ஒன்றை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், அது ஓர் ஆவணம் என்பது புரியும். தட்டு கையில் இல்லாவிட்டால் சேகரிப்பாளர்கள் எடுத்துவைத்த தெளிவான படங்கள் போதும். இரண்டு பக்கத்தின் படமும் வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

நடுவிலுள்ள காகித லேபிளில் தலைப்புக்குக் கீழே சிறு எழுத்தில் அடைப்புக்குறிக்குள் வரும் பெயர்கள்தான் எல்லாவற்றையும்விட முக்கியமானவை, ஏனென்றால் அவை பாட்டை எழுதியவர்களின் பெயர்கள். ஸ்டீமின் தட்டு ஃபான்டானா என்ற லேபிளில் (தட்டை வெளியிடும் நிறுவனப் பெயரையும் லேபிள் என்றே சொல்வார்கள்) 1667 என்ற எண்ணோடு வந்தது. பெரிய எழுத்தில் இருக்கும் ‘ஸ்டீம்’ ஆளில்லாத பெயர். சிறு எழுத்தில் இருக்கும் டிகார்லோ, ஃப்ராஷர், லேகா என்ற மூன்று பெயர்களும் உண்மையான மனிதர்களுடையவை. முழுக் கதையும் அந்த அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது.

பெயர்களை அடுத்து, பாட்டின் உரிமையை நிர்வகிக்கும் பதிப்பு நிறுவனத்தின் பெயரும், உரிமைத்தொகை வசூலிக்கும் சங்கமான பி.எம்.ஐ. அல்லது அஸ்காப் என்பதும் இருக்கும். இந்தச் சங்கங்களின் பாடல் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம். லேபிளில் இருக்கும் பெயரும் இன்றைய பதிவேட்டில் இருக்கும் பெயரும் வேறுபட்டால் அங்கே ஒரு விற்பனையோ வழக்கோ புதைந்திருக்கிறது என்று பொருள். அதன் பிறகு தயாரிப்பாளர், இசை ஒழுங்கமைத்தவர், பட்டியல் எண். முக்கியப் பாட்டு உள்ள ஏ பக்கத்தில் மட்டுமல்ல, மறுபுறமான பி பக்கத்திலும் இவற்றையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்திலும் ஒரே தயாரிப்பாளர் பெயரும் ஒரே பதிப்பு நிறுவனமும் இருந்தால் யார் கையில் அதிகாரம் இருந்தது என்று ஊகிக்க முடியும்.

லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக் கோட்டுக்கும் இடையில் ஒலியில்லாத ஒரு வளையம் இருக்கும். அதில் ஊசியால் கீறியோ அச்சால் பதித்தோ சில எண்கள் தெரியும். அவை மேட்ரிக்ஸ் எண்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடம் வரும் பதிவுகளுக்கு வரிசையாக எண் கொடுத்ததால், ஏ பக்கத்துக்கும் பி பக்கத்துக்கும் அடுத்தடுத்த எண்கள் இருந்தால் இரண்டும் சேர்ந்தே வந்தவை என்று கொள்ளலாம். நூறு எண் தள்ளியிருந்தால் ஒன்று பழைய சரக்கு. ஆர்.சி.ஏ. நிறுவனம் மேட்ரிக்ஸ் எண்ணின் முதல் எழுத்திலேயே ஆண்டைக் குறித்தது: 1968க்கு டபிள்யூ, 1969க்கு எக்ஸ். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மோனார்க் ஆலையில் அச்சான தட்டுகளில் ஒரு சிறு முக்கோணமும் பக்கத்தில் ஓர் எண்ணும் கீறப்பட்டிருக்கும். அந்த எண்கள் ஏறுவரிசையில் போவதால் தட்டு எந்த மாதம் அச்சானது என்று கணிக்க உதவும். இவையெல்லாம் நிறுவனம் எண் கொடுத்த நாளைச் சொல்லுமே தவிர, பாடகர் மைக்கின் முன் நின்ற நாளைச் சொல்லாது. வெளியூரில் பதிவாகி விலைக்கு வாங்கப்பட்ட டேப்புகளில் இந்த இரண்டுக்கும் இடையே மாதக்கணக்கில் இடைவெளி இருக்கும்.

பி பக்கத்துக் கணக்கு

இனி ஸ்டீமின் கதைக்குள் போகலாம். அதற்கு முன் ஒரு சட்ட விவரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது இல்லாமல் அறுபதுகளின் எந்தப் பாட்டின் கதையும் விளங்காது.

அமெரிக்காவில் 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் அதில் உள்ள ஒவ்வொரு பாட்டுக்கும் 2 சென்ட் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் உரியது. 1978 வரை அந்தத் தொகை மாறவே இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, யாரும் கேட்காத பி பக்கத்துக்கும் அதே 2 சென்ட் என்பதுதான். பத்து லட்சம் தட்டு விற்றால் ஒரு பக்கத்துக்கு 20,000 டாலர். வழக்கப்படி பதிப்பாளருக்குப் பாதி போனால் எழுதியவர்களுக்கு மிஞ்சுவது 10,000. மூன்று பேர் எழுதியிருந்தால் ஆளுக்கு 3,333 டாலர் சொச்சம். பல ஒப்பந்தங்களில் இதையும் குறைத்தே கொடுத்தார்கள். பாடியவருக்கு உண்டான பங்கு தனி ஒப்பந்தத்தில், அதுவும் ஸ்டுடியோச் செலவெல்லாம் கழித்த பிறகு. வானொலியில் ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் எழுதியவருக்குப் பணம் உண்டு; பாடியவருக்கு அமெரிக்க வானொலி நிலையங்கள் எதுவும் தருவதில்லை. அடைப்புக்குறிக்குள் யார் பெயர் வருகிறது என்பதில் ஏன் அத்தனை போட்டி என்பதும், தயாரிப்பாளர்கள் பி பக்கத்தை ஏன் தாங்களே அவசரமாக எழுதி நிரப்பினார்கள் என்பதும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் அறுபதுகளின் தொடக்கத்தில் கேரி டிகார்லோ, டேல் ஃப்ராஷர், பால் லேகா மூவரும் உள்ளூர்க் குழு ஒன்றில் ஒன்றாகப் பாடியும் வாசித்தும் வந்தார்கள். குழு கலைந்தது. லேகா நியூயார்க் போய்ப் பாட்டு எழுதுபவராகவும் தயாரிப்பாளராகவும் ஆனார். 1968 பிப்ரவரியில் முதலிடம் பெற்ற, லெமன் பைப்பர்ஸ் குழுவின் ‘கிரீன் டம்பரீன்’ அவர் சேர்ந்து எழுதித் தயாரித்த பாட்டு. பழைய நண்பர் டிகார்லோவை அவர் மெர்க்குரி நிறுவனத்துக்கு அழைத்துப் போய்ச் சில பாட்டுகளைப் பதிவு செய்தார். அவை எல்லாமே ஏ பக்கத்துக்குத் தகுதியானவை என்று நிறுவனம் கருதியதால் சிக்கல் வந்தது: பி பக்கத்துக்குப் பாட்டு இல்லை. நல்ல பாட்டை அங்கே வீணாக்கக் கூடாது. எந்த வானொலிக்காரரும் தப்பித் தவறிக்கூடத் திருப்பிப் போடாத ஒன்றாக அது இருக்க வேண்டும்.

அன்று ஃப்ராஷரும் வந்து சேர, மூவரும் பிரிட்ஜ்போர்ட் நாட்களில் எழுதி விட்டுவைத்த ‘கிஸ் ஹிம் குட்பை’ என்ற பழைய பாட்டை எடுத்தார்கள். ஸ்டுடியோவில் முழு வாத்தியக் குழு இல்லை. தாளத்துக்கு வேறொரு பாட்டின் டேப்பிலிருந்த டிரம் ஒலியை வெட்டி ஒட்டிப் பயன்படுத்தினார்கள். பாட்டை நீட்ட ஒரு பல்லவி தேவைப்பட்டது. பியானோ முன் உட்கார்ந்திருந்த லேகா, சொற்கள் அகப்படாதபோது பாட்டு எழுதுகிறவர்கள் மெட்டை நிரப்பப் போடும் ‘நா நா’வைப் பாடிக்கொண்டே போக, டிகார்லோ ‘ஹே ஹே’ சேர்த்தார். பின்னால் சொல் எழுதி நிரப்ப வேண்டிய வெற்றிடம் அப்படியே பதிவாகி நின்றுவிட்டது.

நிறுவனம் கேட்டது, இதையே ஏ பக்கமாக வெளியிடுவோம் என்றது. ஆனால் டிகார்லோவின் ‘நல்ல’ பாட்டுகளோடு இது போட்டி போடக் கூடாது என்பதால் மெர்க்குரியின் துணை லேபிளான ஃபான்டானாவில், வேறொரு பெயரில் வெளிவந்தது. நியூயார்க் தெருவின் பாதாள மூடி வழியே எழும் நீராவியைப் பார்த்து ‘ஸ்டீம்’ என்று வைத்தார்கள் என்பது அவர்கள் தரப்பில் சொல்லப்படும் கதை. ‘காரெட் ஸ்காட்’ என்ற பெயரில் வந்த டிகார்லோவின் தனிப்பாட்டுகளை யாரும் கண்டுகொள்ளவில்லை. மேடையேற ஸ்டீம் என்றொரு குழு வேண்டுமே என்று வேறு இளைஞர்களைத் திரட்டி ஊர் ஊராக அனுப்பினார்கள். அடுத்து அந்தப் பெயரில் வந்த பாட்டு 46ஆம் இடத்தோடு முடிந்தது.

இந்தக் கதையின் எலும்புக்கூடு முழுவதும் தட்டிலேயே இருப்பதைக் கவனியுங்கள்: பொருந்தாத துணை லேபிள், ஆளில்லாத குழுப் பெயர், அடைப்புக்குறிக்குள் மூன்று பேர், அதில் ஒருவர் ஏற்கெனவே இன்னொரு முதலிடப் பாட்டின் தயாரிப்பாளர். லேபிளை வாசித்த பிறகு இவற்றைக் கேள்விகளாக எழுதி வைத்தால், அடுத்த கட்டத்தில் எந்தத் தாளைத் தேட வேண்டும் என்பது தானே தெரியவரும்.

ஊர் ஊராகப் பின்தொடர்வது

அறுபதுகளில் ஒரு பாட்டு நாடு முழுவதும் ஒரே நாளில் வெளியாகிப் புகழ் பெறவில்லை. ஓர் ஊரின் வானொலி நிலையம் அதைப் பிடித்துக்கொள்ளும், பக்கத்து ஊர் தொற்றிக்கொள்ளும், பிறகுதான் பெரிய நிறுவனம் வாங்கும். இந்தப் பாதையை மீட்டெடுக்க மிகச் சிறந்த சான்று, வானொலி நிலையங்கள் வாரந்தோறும் அச்சடித்து இசைத்தட்டுக் கடைகளில் இலவசமாகக் கொடுத்த உள்ளூர்த் தரவரிசைத் தாள்கள். சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ்., லாஸ் ஏஞ்சலிஸின் கே.எச்.ஜே. போன்ற நிலையங்களின் தாள்களைச் சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் ஒளிநகலெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். உங்கள் பாட்டு எந்த ஊர்த் தாளில், எந்த வாரத்தில் முதலில் தலைகாட்டுகிறது என்று தேடி, ஊர், தேதி, இடம் மூன்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். பாட்டு நகர்ந்த பாதை அப்போது தானாகத் தெரியும்.

ஜேகர் அண்ட் எவன்ஸின் பாட்டை ரிக் எவன்ஸ் 1964இலேயே எழுதிவிட்டார். 1968இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஒடெஸா நகரில் பதிவு செய்து, ‘ட்ரூத்’ என்ற சொந்தச் சிறு லேபிளில் தாங்களே வெளியிட்டார்கள். உள்ளூர் வானொலிகளில் அது பற்றிக்கொண்ட பிறகுதான் ஆர்.சி.ஏ. வந்தது. ‘1969இன் பாட்டு’ என்று எழுதினால் இந்த ஐந்தாண்டுக் காத்திருப்பு முழுவதும் மறைந்துபோகும். ‘96 டியர்ஸ்’ பாட்டும் அப்படித்தான்: மிச்சிகனின் பே சிட்டியில் பதிவாகி, பா-கோ-கோ என்ற சிறு லேபிளில் உள்ளூரில் விற்று, பிறகு கேமியோவுக்குப் போனது. ஒரே பாட்டு இரண்டு லேபிளில் இருந்தால் முதல் லேபிளின் தட்டைத் தேடாமல் விடாதீர்கள். பாடகர் பெயர், எழுதியவர் பெயர், எது ஏ பக்கம் என்பதெல்லாம் அங்கே வேறு மாதிரி இருக்க வாய்ப்புண்டு.

சகாமோட்டோவின் பாட்டு இன்னும் தூரம் பயணித்தது. ஜப்பானில் 1961இல் ‘உயே ஓ முயிதே அருகோ’ என்ற பெயரில் வந்த பாட்டு அது. கண்ணீர் கீழே விழாமலிருக்க முகத்தை மேலே நிமிர்த்திக்கொண்டு நடக்கும் ஒருவனைப் பற்றியது. சொற்களை எழுதிய ரோகுசுகே எய், 1960இல் அமெரிக்க-ஜப்பானியப் பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு எதிரான போராட்டங்கள் தோற்ற மனவருத்தத்தில் எழுதியது. பிரிட்டனில் ‘பை’ என்ற இசைத்தட்டு நிறுவனம் கென்னி பால் குழுவின் வாத்திய இசை வடிவத்தை வெளியிட்டபோது, ஜப்பானியத் தலைப்பு யார் வாயிலும் நுழையாது என்று எண்ணி, பாட்டோடு ஒரு தொடர்பும் இல்லாத ஓர் உணவின் பெயரைச் சூட்டியது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் பாஸ்கோ என்ற சிற்றூர் வானொலி சகாமோட்டோவின் தட்டைப் போடத் தொடங்கி, கேட்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்க, கேப்பிட்டல் நிறுவனம் வெளியிட்டது. போராட்டத்தின் தோல்வியில் பிறந்த பாட்டு, அதே அமெரிக்காவின் முதலிடத்துக்கு ஓர் உணவின் பெயரில் போய்ச் சேர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். பெயர் மாற்றத்தைத் தேடாதவருக்கு இந்தக் கதை கிடைக்காது. எனவே தலைப்பு மாறியிருக்கிறதா என்று எப்போதும் பாருங்கள்.

தாள்கள்

பழைய பில்போர்டு, கேஷ் பாக்ஸ் இதழ்கள் வருடவாரியாக ஒளிநகலாகக் கிடைக்கின்றன. பாடகரின் பெயரைத் தேடுவதோடு நிறுத்தாமல் எழுதியவர், தயாரிப்பாளர், பதிப்பு நிறுவனம் ஆகிய பெயர்களையும் தேடுங்கள். வேலைக்குச் சேர்ந்தவர், விலகியவர், உரிமை வாங்கியவர் பற்றிய நான்கு வரிச் செய்திகளில்தான் சரக்கு இருக்கும். இதழ்களின் ஒளிநகலில் எழுத்துகளை அடையாளம் காணும் கணினி நிரலான எழுத்துணரி பிழையாகப் படித்திருக்கும் என்பதால், தேடல் வெறுங்கையோடு திரும்பினால் அந்த வாரத்து இதழைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஆண்டுதோறும் அச்சிட்ட பதிவேடுகளின் இசைத் தொகுதியில் பாட்டின் தலைப்பின் கீழ் எழுதியவர், உரிமை கோருபவர், பதிவு நாள் மூன்றும் இருக்கும். பதிவெண் ஈ.யூ. என்று தொடங்கினால் வெளியிடப்படாத படைப்பாகப் பதிவானது, ஈ.பி. என்று தொடங்கினால் வெளியிடப்பட்டது. ஒரு பாட்டு தட்டாக வருவதற்கு எத்தனை ஆண்டு முன்னரே எழுதப்பட்டிருந்தது என்பதற்கு ஈ.யூ. எண்ணைவிட உறுதியான சான்று கிடைப்பது அரிது. 1963 வரை வெளிவந்த பாட்டுகளுக்கு 28ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது; அந்தப் புதுப்பிப்பில் யார் கையொப்பமிட்டார்கள் என்பதில் விதவைகளும் பிள்ளைகளும் வெளிப்படுவார்கள்.

பாட்டில் யார் வாசித்தார்கள் என்பதற்கு இசைக்கலைஞர் சங்கத்தின் ஒப்பந்தத் தாள்தான் சான்று. சங்க விதிப்படி நடந்த ஒவ்வொரு பதிவுக்கும் நாள், நேரம், ஸ்டுடியோ, வாசித்தவர் பெயர், கொடுத்த சம்பளம் அதில் இருக்கும். அட்டைப்படத்தில் கிட்டாரோடு நிற்கும் இளைஞனும் தாளில் பெயர் உள்ள நடுவயதுக்காரரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது அறுபதுகளில் சாதாரணம். சிற்றூர்ப் பதிவுகளுக்கு இந்தத் தாள் பெரும்பாலும் இருக்காது.

எதிர்பாராத இடங்களிலும் தாள் இருக்கும். போர்ட்லண்டில் 1963இல் பதிவான கிங்ஸ்மென் குழுவின் ‘லூயி லூயி’யில் ஆபாசச் சொல் இருக்கிறது என்று பெற்றோர் புகார் செய்ய, எஃப்.பி.ஐ. அந்தத் தட்டைப் பல வேகங்களில் ஓட்டிப் பார்த்து, எந்த வேகத்திலும் சொல் விளங்கவில்லை என்று முடித்தது. அந்தக் கோப்பு இன்று யாரும் படிக்கத் திறந்திருக்கிறது. அந்தப் பாட்டை எழுதிய ரிச்சர்ட் பெர்ரியோ, கிங்ஸ்மென் பாடுவதற்குச் சில ஆண்டு முன்பே தன் உரிமையை 750 டாலருக்கு விற்றிருந்தார். 1980களில்தான் ஒரு பங்கு அவருக்குத் திரும்பக் கிடைத்தது. கோப்பு சிரிப்பூட்டுவது என்பதால் எல்லோரும் அதைப் பற்றியே எழுதுகிறார்கள். நான் எழுதினால் அந்த 750 டாலரிலிருந்துதான் தொடங்குவேன்.

மனிதர்களிடம் போகும்போது

இந்தத் தலைமுறைக் கலைஞர்களில் பலர் இப்போது இல்லை. லேகா 2011இலும், டிகார்லோ 2017இலும், ரிக் எவன்ஸ் 2018இலும் காலமானார்கள். சகாமோட்டோ 1985 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸ் விமான விபத்தில் இறந்தார். அவர்கள் தந்த பழைய பேட்டிகளைத் தேதி வரிசையில் அடுக்கிப் படியுங்கள். நிகழ்ச்சிக்கு மிக அருகில் சொன்னதற்கு எடை அதிகம். முப்பது ஆண்டு மேடையில் சொல்லிச் சொல்லி மெருகேறிய பதிப்பு அழகாக இருக்கும், ஆனால் அதில் மூலைகள் மழுங்கியிருக்கும். ஸ்டீமின் பாட்டில் ஒட்டவைத்த டிரம் ஒலி எந்தப் பதிவிலிருந்து வந்தது என்பதில் சொல்பவருக்குச் சொல்பவர் விவரம் வேறுபடுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறைக்காமல், எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பகுதியை முதலில் எழுதி, முரண்பாட்டை யார் சொன்னது என்ற குறிப்போடு அருகில் வையுங்கள்.

உயிரோடு இருப்பவரைச் சந்திக்க வாய்த்தால், முதலிடம் பெற்றபோது எப்படி இருந்தது என்று தொடங்காதீர்கள். அதை ஆயிரம் பேர் கேட்டிருப்பார்கள், ஆயிரம் முறை சொன்ன பதில்தான் வரும். தட்டின் படத்தைக் கையில் கொடுத்து, பி பக்கத்தைக் காட்டி, இதை யார் எழுதியது, அன்று ஸ்டுடியோவில் வேறு யார் இருந்தார்கள், எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள், அன்று கையில் எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பொருளைத் தொட்டுப் பார்க்கும்போது நினைவு வேறு வழியாக வரும். அடுத்த பாட்டு ஏன் ஓடவில்லை என்பதையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் தோல்வியைக் கேட்பதுபோல் கேட்காமல், அடுத்த பாட்டை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்பதே பதிலாக வரும். சொன்னதில் கடன், குடும்பம், உடல்நலம் பற்றியவற்றை அவர் அனுமதியின்றி அச்சேற்றாதீர்கள்.

எழுதும்போது

பட்டியலிலிருந்து பாட்டு இறங்கிய வாரத்தோடு கதையை நிறுத்துவது வழக்கம். அது தவறு என்பது என் கருத்து, ஏனென்றால் இந்தப் பாட்டுகளின் வாழ்க்கையில் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் நடக்கிறது. 1977இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் மைதானத்தில் ஆர்கன் வாசித்த நான்சி ஃபாஸ்ட், எதிரணி வீரர் வெளியேறும்போது ‘நா நா ஹே ஹே’ மெட்டை வாசிக்கத் தொடங்கினார். கூட்டம் சேர்ந்து பாடியது. அங்கிருந்து அது மற்ற மைதானங்களுக்கும் பரவியது. 1983இல் பனனராமா குழு அதே பாட்டைப் பாடிப் பிரிட்டனில் ஐந்தாம் இடம் வரை கொண்டுபோனது. யாரும் திருப்பிப் போடக் கூடாது என்று செய்த பி பக்கத்தை, எழுதியவர் பெயரே தெரியாத பல்லாயிரம் பேர் ஒரே குரலில் பாடுகிறார்கள். உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியை அந்த மைதானத்தில் வைத்து எழுதினாலும், கேரி டிகார்லோ, டேல் ஃப்ராஷர், பால் லேகா என்ற மூன்று பெயர்களை முதல் பத்தியிலேயே, முழுப் பெயராக, அடைப்புக்குறி இல்லாமல் எழுதுங்கள்.